பஸ்ஸைக் கழித்தபின்

இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு பட்டை.
வலது நீலம், இடது சாம்பல்.
நேரம் காட்டாத வாட்ச் என்று ஜெர்வினிடம் சொன்னேன்.
"பின்ன என்னத்தக் காட்டும்?"
"நீ கைய அசைச்சா எண்ணிக்கிடும்."
வலது கையை ஆட்டிப் பார்த்தான்.
இடது கை, முழங்கை மடங்கி,
கட்டைவிரலை உள்ளே ஒளித்துக்கொண்டு
விருந்துக்கு வந்த வீட்டில் உட்காரும் பிள்ளை போல
மடியில் இருந்தது.

அதற்கு முன் கோணமானி.
மெதுவாக நீட்டினால் நூற்றைம்பது வரை வருகிறது.
சட்டென்று நீட்டினால்
தொண்ணூறில் பிடித்துக்கொள்கிறது.
இரண்டையும் எழுதுகிறேன்.
நடுவில் கிடக்கும் அந்த அறுபது பாகையில்தான்
என் சம்பளம் இருக்கிறது.
மார்த்தாண்டம் பாலத்தில் லாரி போகும்போதெல்லாம்
ஜன்னல் கம்பி நடுங்குகிறது.

நாலாம் நாள் திரும்ப வந்தார்கள்.
பட்டைகளைக் கழற்றிக் கணினியில் செருகினேன்.
வலது கை, திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி.
இடது கை, பெருக்கிவிட்ட முற்றம்.
ஓரத்தில் மட்டும் ஓரிடம்
எழும்பி எழும்பி நிற்கிறது.
இன்று காலை, ஏழே கால் முதல் எட்டே முக்கால் வரை,
ஒன்றரை மணி நேரம், ஓயாமல்.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
பெரிய டாக்டரை அழைக்க ஃபோனை எடுத்துவிட்டேன்.

விமலாபாய் எட்டிப் பார்த்தாள்.
"அது நாங்க பஸ்ஸில வந்த நேரமாக்கும்."

பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம்,
அங்கிருந்து திருவட்டார்,
குழிக்கு ஒரு புள்ளி, வளைவுக்கு ஒரு புள்ளி.
ஆற்றூர் தாண்டி
குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட இடத்தில்
உச்சம்.
அசைந்தது கையா, அசைத்தது ரோடா
பட்டைக்குத் தெரியாது.

பஸ்ஸைக் கழித்தேன்.
அவள் குளிப்பாட்டிய நேரத்தைக் கழித்தேன்.
சட்டையில் அந்தக் கையை நுழைக்க
அவள் பட்ட பாட்டை,
ஜெபத்துக்கு அவளே பிடித்து உயர்த்தியதை,
ராத்திரி மூன்று மணிக்கு
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ரப்பர் வெட்டப் போகுமுன்
அவனைச் சுவரோரம் நகர்த்திக் கிடத்தியதை.
கழித்ததையெல்லாம் தனித் தாளில் குறித்தேன்.
தாள் நிரம்பிவிட்டது,
பின்பக்கமும்.

மிச்சம்,
ஞாயிறு மாலை நாலு பத்து.
பதினொரு வினாடி.

"அப்போ என்ன செய்தான்?"
அவள் எழுதித் தந்த நோட்டில்
அந்த நேரத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"அயனிச்சக்கை உரிச்சு வச்சேன் டீச்சர்.
இவன் கையில ஒரு பிடி சுளை.
அனிஷ்மா வந்து பிடுங்கப் பாத்தா.
தள்ளி விட்டுட்டான். கதவுல போய் இடிச்சு
அவளுக்கு நெத்தி வீங்கிப்போச்சு."
"எந்தக் கையால?"
"ரெண்டு அடி குடுத்துருக்கேன். இனிமே செய்யமாட்டான்."
"இல்ல, எந்தக் கையால தள்ளினான்?"

அவளுக்கு முன்னால்
ஜெர்வினுக்குப் புரிந்துவிட்டது.
வலது கையால் இடது கையைப் பிடித்து
முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன.
உண்ணுதல். உடுத்துதல். விளையாடுதல்.
தங்கச்சியைத் தள்ளுதல் இல்லை.
விளிம்பில் சின்ன எழுத்தில் எழுதினேன்,
தானாக, முழங்கை நீட்டி, இலக்கு நோக்கி.
இலக்குக்கு வயது நாலு என்று எழுதவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
"இனி நல்லாப் பாத்துக்கிடுதேன் டீச்சர்,
சண்டை போடாம."
என்ன சொல்வது.
அயனிச்சக்கை இன்னும் இருக்கா என்று கேட்டேன்.

"மரத்துல கெடக்கு.
அவியளுக்குக் கொல்லத்துல கொத்து வேலை.
ஏறிப் பறிக்க ஆளில்ல."